பின்பக்கத்து நெருப்பு

ஏப்ரலில் பனி வடிந்ததும் கொல்லைப்புறக் கதவைத் திறந்து பார்பிக்யூ அடுப்பின் உறையை உருவினேன். அடித்தட்டு கையோடு வந்துவிட்டது. பர்னர் குழாயைத் திருப்பிப் பார்த்தால் மூன்று இடத்தில் ஓட்டை, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு. தள்ளுபடியில் வாங்கிய அடுப்பு அது. ஆறு கோடை உழைத்துவிட்டது. பக்கத்தில் வந்து நின்ற மனைவி, "ஊர்ல இருக்கிற அடுப்பையெல்லாம் நீங்கதான் மாட்டிக் குடுக்கறீங்க. நம்ம வீட்டுக்கும் நல்லதா ஒண்ணு வாங்கிடுங்க" என்றாள்.

கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில், பதினாறு வருடமாக நான் கேஸ் டெக்னீஷியன். கையில் இருப்பது ஜி2 லைசென்ஸ். மணிக்கு 4 லட்சம் பி.டி.யு. வரை எரிக்கும் கருவிகளில் கை வைக்கலாம் என்று அர்த்தம். குளிர்காலம் முழுக்க ஃபர்னஸ், மே பிறந்தால் பார்பிக்யூ. கொல்லைப்புறத்துக்கு கேஸ் குழாய் இழுப்பது, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவது, எரியாததை எரிய வைப்பது. கடையில் பளபளவென்று நிற்கும் அடுப்பை நான் பார்ப்பது குறைவு. ஏழெட்டுக் குளிர்காலம் தாண்டி, எண்ணெய்ப் பிசுக்கோடும் துருவோடும் நிற்பதைத்தான் அதிகம் பார்க்கிறேன். எது தாங்கும் என்பது அங்கேதான் தெரியும்.

இரண்டாயிரம் டாலர் ஒதுக்கி வைத்துத் தேடியதில் கடைசியாக நின்றவை இரண்டு. ஒன்று அமெரிக்க வெபர் கம்பெனியின் ஜெனிசிஸ், மூன்று பர்னர் உள்ளது. இன்னொன்று இங்கே டொரோண்டோவுக்கு வடக்கே பேரி நகரத்து நெப்போலியன் கம்பெனியின் பிரெஸ்டீஜ் 500, நான்கு பர்னர் உள்ளது.

இரண்டுமே இரும்பு வேலைக்காரர்கள் தொடங்கியவை. சிகாகோ பக்கம் வெபர் பிரதர்ஸ் என்ற உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன் 1952இல், ஏரியில் மிதக்க விடும் உருண்டை மிதவையைக் குறுக்கே வெட்டி, கீழ்ப்பாதியைக் கரி அடுப்பாகவும் மேல்பாதியை மூடியாகவும் ஆக்கினார். வெபரின் பெயர் அந்தக் கரி அடுப்பில்தான் பரவியது. கேஸில் எரியும் ஜெனிசிஸ் வந்தது 1985இல். நெப்போலியனைத் தொடங்கிய வுல்ஃப்காங் ஷ்ரோட்டர் 1976இல் பேரியில் இரும்புக் கைப்பிடிக் கிராதி செய்துகொண்டிருந்தவர். அங்கிருந்து விறகு அடுப்புக்குப் போய், பிறகு கேஸ் கிரில்லுக்கு வந்தார்கள்.

கடைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது பி.டி.யு. என்ற எண். ஒரு பவுண்டு தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி பாரன்ஹீட் ஏற்றத் தேவையான வெப்பம் ஒரு பி.டி.யு. அடுப்பில் எழுதியிருப்பது மணிக்கு எத்தனை பி.டி.யு. எரிக்கும் என்ற கணக்கு. ஜெனிசிஸின் மூன்று பர்னரும் சேர்ந்து 39,000. பிரெஸ்டீஜின் நான்கும் சேர்ந்து 48,000. அதன் பின்பக்க பர்னரையும் பக்கவாட்டு பர்னரையும் கூட்டினால் 80,000. பெரிய எண்தான் நல்ல அடுப்பு என்று நினைத்து ஜனங்கள் வாங்குகிறார்கள். அந்த எண் சொல்வது அடுப்பு எவ்வளவு கேஸ் குடிக்கும் என்பதை மட்டும்தான். அந்தச் சூட்டில் எவ்வளவு சமையலுக்குப் போகிறது என்பது மூடி எவ்வளவு கனம், பெட்டி எவ்வளவு இறுக்கம், கம்பித்தட்டு எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்தது. இந்த இரண்டுக்கும் சமைக்கும் பரப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: வெபரில் 513 சதுர அங்குலம், நெப்போலியனில் 500. ஒரு சதுர அங்குலத்துக்கு முன்னதில் 76 பி.டி.யு., பின்னதில் 96. வீட்டுச் சமையலுக்கு இரண்டுமே தாராளம்.

குழாய்க்காரனுக்கு அந்த 80,000 வேறொரு விஷயத்தைச் சொல்லும். இங்கே பல வீடுகளின் ஃபர்னஸே அவ்வளவுதான் எரிக்கிறது. இயற்கை எரிவாயு ஒரு கன அடிக்கு ஏறக்குறைய ஆயிரம் பி.டி.யு. தரும். ஆக, எல்லா பர்னரையும் ஏற்றினால் மணிக்கு 80 கன அடி கேஸ் அந்தக் குழாயில் ஓடியாக வேண்டும். சமையலறை அடுப்புக்குப் போகும் அரை அங்குலக் குழாயில் கிளை எடுத்து நாற்பது அடி தள்ளி ஒரு பெரிய கிரில்லை மாட்டியிருந்தால் சுடர் நோஞ்சானாகத்தான் எரியும். அடுப்பு மோசம் என்று திருப்பிக் கொடுக்கப் போன ஒருவரை நிறுத்தி, குழாயை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அடுப்பு வாங்கும் முன்பே குழாயின் அளவையும் நீளத்தையும் மீட்டரையும் ஒருவர் கணக்குப் பார்த்துவிட வேண்டும்.

சிலிண்டரா, வீட்டுக் குழாயா என்பதையும் வாங்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு கம்பெனியும் இரண்டுக்கும் தனித்தனி மாடல் விற்கின்றன. கேஸ் வரும் அழுத்தம் வேறு, பர்னர் வாயில் இருக்கும் துளையின் அளவு வேறு. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் வாங்காதீர்கள். இங்கத்தி சிலிண்டர் 20 பவுண்டு, அதாவது 9 கிலோ புரொப்பேன். நம் ஊர் வீட்டு சிலிண்டர் 14.2 கிலோ. ஒரு பவுண்டு புரொப்பேனில் சுமார் 21,500 பி.டி.யு. இருக்கிறது. ஜெனிசிஸை முழுச் சூட்டில் வைத்தால் ஒரு சிலிண்டர் பதினோரு மணி நேரம் வரும், பிரெஸ்டீஜின் நான்கு பர்னருக்கு ஒன்பது மணி நேரம். ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பா, மைனஸ் இருபதில் கேஸ் எப்படி உறையாமல் எரிகிறது என்று கேட்டார். நம் ஊர் கேஸில் பியூட்டேனும் கலந்திருக்கும். பியூட்டேன் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேயே ஆவியாகாமல் திரவமாக நின்றுவிடும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஜனவரியில் பனியை வாரிவிட்டு இங்கே ஜனங்கள் கோழி சுடுகிறார்கள்.

கடைக்குப் போகும்போது ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தம் ஒன்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே எஃகு இல்லை. 304 என்ற வகையில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். அதில் காந்தம் ஒட்டாது, துருவும் எளிதில் ஏறாது. விலை குறைந்த 430 வகையில் நிக்கல் இல்லாததால் காந்தம் கப்பென்று பிடிக்கும். ஈரமும் உப்பும் பட்டால் சீக்கிரம் புள்ளி விழும். இங்கே சாலையில் கொட்டும் உப்பு காற்றில் வந்து கொல்லைப்புறம் வரை படியும். மூடி எந்த வகை எஃகு என்பது அழகுக்குத்தான். பர்னர் குழாயும் கம்பித்தட்டும் எதில் செய்தவை என்று கேளுங்கள், காந்தத்தை வைத்துப் பாருங்கள், அந்தப் பாகத்தைத் தொட்டுத் தூக்கிப் பாருங்கள். கனம் கையில் தெரியும். இந்த இரண்டு அடுப்பிலும் கம்பித்தட்டைத் தூக்கிவிட்டு வைத்தபோது எழுந்த சத்தமே பழைய தகர அடுப்பிலிருந்து வேறாக இருந்தது.

கேஸில் சுட்டால் கரியின் ருசி வருமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கேஸ் எரிந்தால் மிஞ்சுவது நீராவியும் கரியமில வாயுவும்தான், அதில் ருசி எதுவும் இல்லை. இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்பும் மசாலாச் சாறும் காய்ந்த இரும்பில் விழுந்து, சுருக்கென்று புகையாகி மேலே ஏறி, அதே இறைச்சியில் படிவதுதான் கிரில் வாசனை. அந்தக் காலத்து கேஸ் கிரில்களில் இதற்காக எரிமலைக் கல்லைப் பரப்பியிருப்பார்கள். கல் கொழுப்பைக் குடித்து வைத்துக்கொண்டு, ஒருநாள் மொத்தமாகப் பற்றிக்கொள்ளும். வெபர் 1985இல் கல்லைத் தூக்கிவிட்டு, பர்னருக்கு மேலே ஓட்டுக்கூரை போல மடித்த எஃகுத் தகடுகளை வைத்தது. கொழுப்பு விழுந்ததும் கொஞ்சம் புகையாகும், மிச்சம் சரிவில் வழிந்து கீழே தட்டுக்குப் போய்விடும், பர்னர் வாயும் அடைபடாது. இன்று நல்ல கேஸ் கிரில் எதைத் திறந்தாலும் இந்த யோசனையின் ஒரு வடிவம் உள்ளே இருக்கும், நெப்போலியனிலும்தான்.

எண்களைப் படித்தது போதும் என்று ஒரு சனிக்கிழமை ரொட்டிச் சோதனை வைத்தேன். மார்க்கமில் இருக்கும் என் சகலை வீட்டுத் தெருவில் ஒரு நண்பர் ஜெனிசிஸ் வைத்திருக்கிறார். என்னோடு வேலை பார்ப்பவர் வீட்டில் பிரெஸ்டீஜ். மலிவான வெள்ளை ரொட்டி நாலு பாக்கெட் வாங்கினேன். மூடியைப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயவிட்டு, எல்லா பர்னரையும் நடுச்சூட்டுக்கு இறக்கி, கம்பித்தட்டு முழுக்க இடைவெளி இல்லாமல் ரொட்டியை அடுக்கி, சில நிமிடம் கழித்து வரிசை கலையாமல் திருப்பிப் போட்டேன். எங்கே கருகியிருக்கிறது, எங்கே வெளுத்திருக்கிறது என்பது படம் போலத் தெரியும். இரண்டிலும் நடுப்பகுதி ஒரே பொன்னிறம். முன்விளிம்பில் ஒரு வரிசை மட்டும் கொஞ்சம் வெளிறல். அதில் சண்டை போட ஒன்றுமில்லை. உங்கள் வீட்டு அடுப்பிலும் ஒருமுறை இதைச் செய்யுங்கள். கோழித்தொடையை எங்கே வைப்பது, வெங்காயத்தை எங்கே வைப்பது என்ற வரைபடம் கிடைத்துவிடும்.

வித்தியாசம் தெரிந்தது சூட்டைப் பிரித்தபோதுதான். நம் மசாலா தடவிய கோழியை நேர்ச்சுடருக்கு மேலே வைத்தால் தயிரும் மிளகாய்த்தூளும் முதலில் கருகும், எலும்பு ஓரம் பச்சையாகவே இருக்கும். அதனால் ஒரு பக்கம் நெருப்பு, ஒரு பக்கம் அணைப்பு. அணைத்த பக்கத்தில் வைத்து மூடியைப் போட்டு, உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வரும்வரை வேகவிட்டு, கடைசி இரண்டு மூன்று நிமிடம் நெருப்புக்கு மேலே தள்ளி நிறம் ஏற்ற வேண்டும். ஊசித் தெர்மாமீட்டர் இருபது டாலர்தான், அது இல்லாமல் கோழி சுட வேண்டாம். நான்கு பர்னர் இருந்தால் சரிபாதியாக இரண்டு எரியும், இரண்டு அணைந்திருக்கும். மூன்றில் ஒன்றை எரித்து இரண்டை அணைக்கலாம், அல்லது ஓரங்களை எரித்து நடுவில் வைக்கலாம். அதுவும் நன்றாகவே வரும், கொஞ்சம் பழக வேண்டும்.

பிரெஸ்டீஜின் பக்கவாட்டில் இருக்கும் இன்ஃப்ராரெட் பர்னர் 1,800 டிகிரி பாரன்ஹீட் வரை போகும் என்று கம்பெனி சொல்கிறது. செல்சியஸில் 980க்கு மேல். கட்டியான ஸ்டேக்கின் மேல்தோலை ஒரு நிமிடத்தில் முறுகவைக்கத்தான் அவ்வளவு சூடு. "நாம வருஷத்துல எத்தனை தடவை ஸ்டேக் சாப்பிடப் போறோம்?" என்று மனைவி கேட்டதும் அதன் மேலிருந்த ஆசை போய்விட்டது. அந்த நிமிடம் வெபரைத்தான் வாங்குவதாக இருந்தேன்.

பிறகு, பிரெஸ்டீஜ் வைத்திருக்கும் அந்த வேலைக் கூட்டாளி பின்பக்க பர்னரைப் பற்றவைத்துக் காட்டினார். பின்சுவரில் பதித்த பீங்கான் பலகை, அதில் ஆயிரக்கணக்கான ஊசித்துளை. கேஸ் துளை வாயிலேயே எரிவதால் சுடர் வெளியே நீளாது, பலகையே சிவந்து தணலாக நிற்கும். அதற்கு முன்னால் குறுக்கே கம்பியில் கோத்த முழுக்கோழி மெல்லச் சுற்றுகிறது. பார்த்ததும் எனக்குப் பாளையங்கோட்டை நினைவுக்கு வந்தது. நம் ஊரில் கிரில் சிக்கன் என்றாலே அதுதானே? சாயங்காலம் ஆறு மணிக்குக் கடை வாசலில் கண்ணாடிப் பெட்டி, உள்ளே சிவந்து நிற்கும் பர்னர், கம்பிக்கு நாலைந்தாக வரிசையாய்ச் சுற்றும் கோழிகள், மேல்கோழியின் நெய் கீழ்க்கோழியின் மேல் சொட்டும். ஐ.டி.ஐ. படித்த காலத்தில் நாலு பேர் காசு போட்டு ஒரு முழுசு வாங்கி, மயோனைஸும் வெங்காயமும் வைத்துச் சாப்பிடுவோம். அந்தப் பெட்டியும் இந்தப் பின்சுவரும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

அதன் நுட்பம் இவ்வளவுதான்: நெருப்பு கீழே இல்லை, பக்கத்தில் இருக்கிறது. கொழுப்பு நெருப்பில் விழுவதில்லை, அதனால் திடீரென்று பற்றிக்கொள்வதும் இல்லை. கோழி சுற்றிக்கொண்டே இருப்பதால் எந்த இடமும் சில விநாடிக்கு மேல் தணலைப் பார்ப்பதில்லை. தயிர் மசாலா கருகாமல் காய்ந்து தோலோடு ஒட்டுகிறது, உருகும் நெய் கீழே ஓடாமல் கோழியையே சுற்றி வந்து நனைக்கிறது. கரும்புகையால் வரும் ருசி இதில் குறைவு. எனக்கு வேண்டியது அந்தக் கடை வாசல் ருசி. ஜெனிசிஸுக்குச் சுழல்கம்பி தனியாக வாங்கிப் பொருத்தலாம், கீழ்பர்னர்களின் சூட்டில் கோழி நன்றாகவே வேகும். ஆனால் பின்பக்க பர்னர் அதில் கிடையாது. எவ்வளவு சூடு என்ற கேள்வியோடு ஒரு மாதம் அலைந்தேன். எந்தப் பக்கத்திலிருந்து சூடு என்று கேட்டிருந்தால் முதல் வாரமே முடிந்திருக்கும். பிரெஸ்டீஜை வாங்கினேன்.

சகலை வீட்டுக்கு மட்டும் வெபரைச் சொன்னேன், மனதார. அவர்கள் வீட்டில் கோழி அபூர்வம். கத்தரிக்காய் சுட்டுக் கொத்சு, மக்காச்சோளம் வாட்டி மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் தேய்ப்பது, வாழையிலையில் மடித்த வஞ்சிர மீன், பிள்ளைகளுக்குப் பனீரும் குடைமிளகாயும். இதற்கெல்லாம் வேண்டியது பரந்த தட்டும் சீரான நடுச்சூடும்தான். பின்பக்க பர்னருக்குக் கொடுக்கும் காசு அவர்களுக்கு வீண். வெபருக்கு இன்னொரு பலமும் உண்டு. இருபது வருடத்துக்கு முந்தைய ஜெனிசிஸுக்குக்கூட பர்னர் குழாயும் மடிப்புத் தகடும் வாங்கி மாற்றியிருக்கிறேன். உதிரிப்பாகம் கிடைக்கிற அடுப்பைக் குப்பையில் போட வேண்டியதில்லை.

எதை வாங்கினாலும் பழக்கம் சரியாக இருக்க வேண்டும். போன வருடம் ஸ்கார்பரோவில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா கூப்பிட்டார். "தம்பி, போன வருசம்தான் வாங்கினது. நெருப்பு வருது, ஆனா சூடு ஏறுதில்லை. பழுதாப் போட்டுது போல" என்றார். சிலிண்டரை எப்படித் திறந்தீர்கள் என்று கேட்டேன். "முதல்ல குமிழைத் திருப்பிப்போட்டுப் பிறகு காஸைத் திறந்தனான்" என்றார். அதுதான் விஷயம். குமிழ் திறந்திருக்கும்போது சிலிண்டரைத் திறந்தால், எங்கோ குழாய் அறுந்துவிட்டது என்று நினைத்து ரெகுலேட்டர் கேஸைச் சுருக்கிவிடும். எல்லாவற்றையும் மூடி, சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றி, இரண்டு நிமிடம் விட்டு மறுபடி மாட்டி, குமிழ்கள் மூடியிருக்கும்போதே சிலிண்டரை மெதுவாகத் திறந்தேன். பிறகு மூடியைத் திறந்து வைத்துப் பற்றவைத்தோம், புசுபுசுவென்று நீலச்சுடர் எழும்பியது. அவர் காசு கொடுக்க வந்தார், தேநீர் மட்டும் வாங்கிக் குடித்தேன்.

வருடம் ஒருமுறை பர்னர் குழாயைக் கழற்றி, நீளப் பிரஷ்ஷால் குத்தி எடுங்கள். சிலந்திகள் அந்தக் குழாய்க்குள் கூடு கட்டும். கேஸ் அடைபட்டுப் பின்னால் திரும்பி, குமிழுக்கு அடியில் பற்றிக்கொள்ளும். கம்பித்தட்டைத் தேய்க்க உலோக முள் பிரஷ் வேண்டாம். உதிர்ந்த முள் இறைச்சியில் ஒட்டி, தொண்டையில் குத்தி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இங்கே உண்டு. நான் பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்திச் சூடான கம்பியில் தேய்க்கிறேன், மிச்சத்துக்கு மரக்கட்டைச் சுரண்டி. வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்தாதீர்கள். இங்கத்தி வீடுகளின் வினைல் பலகை 70 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும். மெழுகு போலத் தொங்கிய சுவர்களை நான் பார்த்திருக்கிறேன். மழை பெய்தாலும் கராஜுக்குள் வைத்து ஏற்றவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

ஜூன் முதல் ஞாயிறு முதல் கோழியைக் கோத்தோம். ஒன்றரைக் கிலோ, இரவே தயிர், இஞ்சி பூண்டு, காஷ்மீரி மிளகாய், கொஞ்சம் மிளகு. கம்பியில் கோக்கும் முன் இறக்கையையும் காலையும் சணலால் இறுக்கிக் கட்டினாள் மனைவி. தளர்ந்தால் சுற்றும்போது அடித்துக்கொள்ளும். ஒன்றே கால் மணி நேரம். தொடையில் தெர்மாமீட்டரைக் குத்தினோம், முழுக்கோழிக்கு 82 டிகிரி வர வேண்டும், வந்தது. சகலை ஒரு தொடையைத் தின்றுவிட்டு, பின்பக்கத்துச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "நமக்கும் இதையே வாங்கியிருக்கலாமோ மாப்ள?" என்றார். கொழுந்தியாள், "முதல்ல கத்தரிக்காயைச் சுட்டுப் பழகுங்க" என்றாள்.

அவர்கள் ஜெனிசிஸ் வந்து இறங்கிவிட்டது, இன்னும் பெட்டி பிரிக்கவில்லை. வரும் சனிக்கிழமை காலை அங்கே குழாய் இழுக்கிறேன். முக்கால் அங்குலக் குழாயும், சோப்புத் தண்ணீர் பாட்டிலும் வண்டியில் ஏற்றியாயிற்று. இணைப்பு ஒவ்வொன்றிலும் நுரையைத் தடவி, ஒரு குமிழிகூட ஊதவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் பற்றவைப்போம்.